அறுபதுக்கு மேல் கோல்ஃப்: மூணாறு டீக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் துரைமார்களின் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன் நான். கேடி வேலை. போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் ஒட்டுவார்களே, அந்தக் கேடி இல்லை. அப்புறம் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதியே காலம் போயிற்று. ரிட்டையரான பிறகுதான் சொந்தமாக ஒரு ஸ்டிக்கைக் கையில் பிடித்தேன். இப்போது வயது 68. என்னைப் போலவே தாமதமாக வந்தவர்களும், நாற்பது வருடமாக ஆடிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் குறைந்துபோனவர்களும் டீக்கடையில் கேட்கிற சந்தேகங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்திருக்கிறேன்.

ரெண்டு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும். அப்புறம், இந்த ஊரில் டீ என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் ஞாபகம் வரும். கீழே ‘டீ’ என்று வருவதெல்லாம் ஒவ்வொரு ஹோலிலும் (தொடங்குகிற இடத்திலிருந்து குழி வரை உள்ள ஒரு பகுதி) முதல் அடி அடிக்கிற இடம்.

அண்ணாச்சி, அறுபது தாண்டியாச்சு. இனிமே போய் இதுல என்ன முன்னேத்தம் வரப்போகுது?

வரும். ஆனால் தூரத்தில் வராது, ஸ்கோரில் வரும். மொத்தம் எத்தனை அடியில் முடித்தோம் என்பதுதான் ஸ்கோர், குறைந்தால் நல்லது. இந்த ரெண்டையும் ஒன்று என்று நினைப்பதால்தான் பாதிப் பேர் மனம் விட்டுப்போகிறார்கள்.

2009-இல் அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வாட்சன் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் பிரிட்டிஷ் ஓப்பன் ஆடியபோது அவருக்கு 59 வயது. அறுபதுக்கு இன்னும் ரெண்டே மாதம்தான் இருந்தது. கடைசி ஹோலில் ஒரு பார் (அந்த ஹோலுக்கு விதித்திருக்கிற அடிக் கணக்கு) போட்டிருந்தால் கோப்பை அவருடையது. அடித்த பந்து குழி இருக்கிற புல்தரையான கிரீனைத் தாண்டி உருண்டது, குழிக்குள் உருட்டுகிற கடைசி பட் தவறியது, சமமாக நின்றவர்கள் ஆடிய பிளே-ஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க் ஜெயித்தார். நான் அந்தக் கதையை வருத்தத்துக்காகச் சொல்லவில்லை. நான்கு நாளும் இருபது வயதுக்காரர்கள் அவரைவிட நெடுந்தூரம் அடித்தார்கள். அவர் கையை விட்டுக் கோப்பை போனது சில அடி தூர பட்டில். நமக்கும் ஸ்கோரில் அடிகள் வீணாகிற இடம் அதுதான்.

முன்னெல்லாம் டீயில இருந்து டிரைவ் அடிச்சா அந்த மரத்தைத் தாண்டும். இப்போ மரத்துக்கு இந்தப் பக்கமே விழுது. கைப்பலம் போயிருச்சா?

கை இல்லை, இடுப்பு. பந்தின் தூரம் ஸ்டிக்கின் வேகத்தால் வருவது. வேகம் உடம்பு திரும்புவதால் வருவது. வயதாக ஆக இடுப்பும் மேல்முதுகும் இறுகி, பின்னால் திரும்புகிற அளவு குறைந்துவிடுகிறது. அதை ஈடுகட்டக் கையால் ஓங்கி அடிக்கிறோம். பந்து வலப்பக்கம் வளைந்து தேயிலைக்குள் போய் உட்காருகிறது.

மூன்று மாற்றம் செய்து பாருங்கள். ஒன்று, நிற்கும்போதே வலது பாதத்தை மூன்று நான்கு விரல் அளவு பின்னால் இழுத்து, பெருவிரலைக் கொஞ்சம் வெளியே திருப்பி வையுங்கள். இடுப்புக்குத் திரும்ப இடம் கிடைக்கும். ரெண்டு, பின்னால் ஓங்கும்போது இடது குதிகால் தரையை விட்டு எழ விடுங்கள். குதிகாலைத் தரையிலேயே ஊன்றி வைக்கச் சொல்லிக் கொடுப்பது வாலிபர்களுக்கான பாடம். மூன்று, இடது கையைப் பிடியின் மேல் சற்று வலப்பக்கமாகத் திருப்பி, குனிந்து பார்த்தால் ரெண்டு மூன்று விரல் முட்டி தெரிகிற மாதிரி பிடியுங்கள். வலப்பக்க வளைவு பெருமளவு அடங்கும்.

பிடியின் இறுக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கவாத்து வெட்டுகிற ஆளைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். புதுப் பையன் கத்தியை நெரித்துப் பிடித்து ஓங்கி ஓங்கி வெட்டுவான். கிளை பிளக்கும், மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். பழகின ஆள் தளர்வாகத்தான் பிடிப்பார். கத்தி தானாகப் போய் ‘சக்’ என்று ஒரே சாய்வில் இறங்கும். அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டு பந்தில்லாமல் பத்துத் தடவை ஸ்டிக்கை வீசுங்கள். காற்றைக் கிழிக்கிற ‘விஷ்’ சத்தம் பந்து இருக்கும் இடத்திலோ அதைக் கொஞ்சம் தாண்டியோ கேட்டால் சரி. தோளுக்கு மேலேயே கேட்டால் வேகத்தை முன்கூட்டியே செலவழித்துவிட்டீர்கள்.

முன் டீயில இருந்து அடிங்கன்னு சொல்றீங்க. அது பொம்பளைங்க டீ இல்லையா? சிரிக்க மாட்டாங்களா?

எல்லாக் கேள்வியிலும் இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். அது பெண்கள் டீ இல்லை, கிரீனுக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கிற முன் டீ. நானும் ஒரு வருடம் வெட்கப்பட்டுப் பின் டீயிலிருந்தே அடித்து, ஒவ்வொரு ஹோலிலும் ரெண்டாவது அடியையும் நெடுந்தூரத்துக்கான பெரிய தலைக் கட்டையையே எடுத்து அடித்து, கிரீனை எட்டுவதற்குள் மூச்சு வாங்கி நின்றவன்தான்.

ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஐந்தாம் நம்பர் அயர்னில் (இரும்புத் தலை ஸ்டிக்; நம்பர் ஏற ஏறத் தூரம் குறையும்) வழக்கமாக எத்தனை யார்டு அடிக்கிறீர்களோ, அதை 36-ஆல் பெருக்குங்கள். 18 ஹோலுக்கு உங்களுக்குப் பொருத்தமான மொத்த நீளம் ஏறக்குறைய அதுதான். 130 யார்டு என்றால் 4,680. ஒன்பது ஹோலுக்கு அதில் பாதி, 2,340. ‘வழக்கமாக’ என்றேன், 1998-இல் காற்று பின்னாலிருந்து தள்ளியபோது ஒரு நாள் அடித்த தூரத்தைச் சொல்லக் கூடாது.

மகன் துபாய்ல இருந்து புது செட் அனுப்புறேங்கிறான். எதை அனுப்பச் சொல்லட்டும்?

முழு செட் வேண்டாம் என்று சொல்லுங்கள். பையில் அதிகபட்சம் 14 ஸ்டிக் வைக்கலாம் என்பது விதி. 14-ம் இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. எனக்குப் பத்து போதும். தூக்குகிறவருக்கும் புண்ணியம்.

மூன்றாம், நான்காம் நம்பர் அயர்ன்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, அயர்னும் கட்டையும் கலந்த மாதிரியான ஹைப்ரிட் வாங்குங்கள். அதன் தலையில் எடை கீழேயும் பின்னாலேயும் இருப்பதால் மெதுவாக அடித்தாலும் பந்து மேலே எழும். தண்டு கிராஃபைட்டில், ‘சீனியர்’ என்று குறித்த, எளிதில் வளைகிற ரகத்தில் இருக்கட்டும். எடை குறைவு; முழங்கைக்கு அதிர்வும் குறையும். டிரைவர், அதாவது டீயில் எடுக்கிற மிகப் பெரிய கட்டை, 12 டிகிரி முகச் சாய்வு அளவில் இருந்தால் நல்லது. வேகம் குறைந்தவர் 9 டிகிரியால் அடித்தால் பந்து மேலே ஏறாமலே இறங்கிவிடும். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் தடித்த பிடி போட்டுக்கொள்ளுங்கள். அதற்குச் செட்டே தேவையில்லை, பிடியை மட்டும் மாற்றினால் போதும்.

இங்க எல்லாமே ஏத்தம் இறக்கம்தான். எத்தனை யார்டு கூட்டணும், குறைக்கணும்?

நிற்கிற இடத்தைவிட கிரீன் எத்தனை யார்டு உயரமோ, ஏறக்குறைய அத்தனை யார்டு கூட்டுங்கள். பள்ளமானால் அதே அளவு குறையுங்கள். 120 யார்டு தூரம், பத்து யார்டு மேடு என்றால் 130-க்கு உரிய ஸ்டிக்கை எடுங்கள். நம் ஆட்களில் பத்தில் எட்டுப் பேர் மேட்டில் குறைவாகத்தான் அடிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஒரு நம்பர் பெரிய (கூடத் தூரம் போகிற) ஸ்டிக், முக்கால் வீச்சு.

மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று இங்கே மெலிந்திருப்பதால் பந்து சமவெளியைவிட ஐந்து, ஆறு சதவீதம் வரை கூடப் போகும். மெதுவாக அடிக்கிற நமக்கு அதைவிடக் குறைவு. ஜனவரிக் காலைக் குளிரில் அந்த லாபமும் போய்விடும். ஆகவே கோயம்புத்தூரிலிருந்து வரும் நண்பர் ‘மலையில் பந்து பறக்கும்’ என்றால் தலையாட்டிவிட்டு உங்கள் ஸ்டிக்கை எடுங்கள்.

கால் சமமாக இல்லாத இடத்தில் பந்து பாதத்துக்கு மேலே இருந்தால் இடப்பக்கம் போகும், கீழே இருந்தால் வலப்பக்கம் போகும். அதற்கேற்பத் தள்ளிக் குறி வையுங்கள். மேலே இருக்கிற பந்துக்குப் பிடியைக் கீழே இறக்கிப் பிடியுங்கள். சரிவில் முழு வீச்சு வேண்டாம். விழுந்தால் எழும்ப நேரமாகிற வயது.

தூரம் காட்டுற கருவி வச்சுக்கலாமா? அது ஏமாத்து இல்லையா?

இல்லை. 2019 முதல் விதிப்படியே தூரம் அளக்கலாம். ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிற வசதியை மட்டும் போட்டியில் அணைத்து வைக்க வேண்டும். அந்தக் கணக்கை மேலே சொன்னபடி மனதில் போடுங்கள்.

கிரீன் பக்கத்துல வந்து சின்னதா தட்டுற சிப் அடிச்சா, ஒண்ணு தரையை வெட்டுது, இல்லேன்னா பந்து அந்தப் பக்கம் ஓடிருது. என்ன பண்றது?

தூக்கி அடிப்பதை விடுங்கள். முகம் நன்றாகச் சாய்ந்த சாண்ட் வெட்ஜ் ஸ்டிக்கால் உயரமாகத் தூக்கி ‘பொத்’ என்று உட்காரவைப்பது பார்க்க அழகுதான். பத்தில் ரெண்டு சரியாக வரும். பந்துக்கும் கிரீனுக்கும் நடுவில் புல் தாழ்வாக இருந்தால் பட் அடிக்கிற ஸ்டிக்கான பட்டரையே எடுங்கள். சுமாராக அடித்த பட், சுமாராக அடித்த சிப்பைவிட எப்போதும் கிட்டப் போகும். புல் கொஞ்சம் உயரமானால் எட்டாம் நம்பர் அயர்னைப் பட்டர் மாதிரி குட்டையாகப் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல் ஒரு தட்டு. பந்து கொஞ்சம் பறந்து, மிச்சத்தை உருண்டு முடிக்கும்.

பழக ஒரு துண்டு போதும். வீட்டுக்குப் பின்னால் புல்லில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, பத்தடி தள்ளி நின்று, பந்து அதன்மேல் விழுகிற மாதிரி தட்டுங்கள். என் வீட்டில் துண்டுக்குப் பதிலாக ஒரு தடவை காயப்போட்ட மிளகாய்ச் சாக்கை எடுத்துவிட்டேன். அந்தக் கதை வேண்டாம்.

பட்டிங்ல கை நடுங்குது அண்ணாச்சி. மூணடி தூரத்து பட் கூடப் போக மாட்டேங்குது.

முதலில் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடியில் குனிந்து பார்த்தால் கண், படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறது. பந்து கலங்கித் தெரியும், தரை மேலே எழும்பினாற்போல் இருக்கும். தெளிவாகப் பார்க்கத் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டுவோம், தோள் கோணிவிடும். எனக்கு இது தெரியவே ரெண்டு வருடமாயிற்று. தூரப் பார்வைக்கு மட்டுமான சாதாரணக் கண்ணாடி ஒன்று விளையாட்டுக்கென்று வைத்துக்கொண்டேன். ஸ்கோர் கார்டு எழுதத்தான் கேடிப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

நடுக்கத்துக்கு: பிடியைத் தடிப்பாக்குங்கள், இடது கையைக் கீழேயும் வலது கையை மேலேயும் மாற்றிப் பிடித்துப் பாருங்கள். நீளப் பட்டர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் நுனியையோ பிடித்த கையையோ நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றி அடிப்பது 2016 முதல் தடை. கொடிக்கம்பைக் குழியிலேயே விட்டுவிட்டு பட் அடிக்கலாம், 2019 முதல் அதற்குத் தண்டனை இல்லை. முட்டி வலிக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம்.

பார் 72 என்ற கணக்கிலேயே 36 அடி பட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஹோலுக்கு ரெண்டு. நீங்கள் பழகுகிற நேரத்தில் பாதி பட்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். வீட்டுக் கூடத்தில் ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து அதில் பழகினால், மைதானத்துக் குழி அண்டா மாதிரி தெரியும். முப்பதடி தூரத்து பட்டில் மட்டும் குழியை மறந்துவிடுங்கள்; ஓர் எட்டு வைக்கிற தூரத்துக்குள் நின்றால் போதும்.

சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. ஒன்பது ஹோல் நடக்கலாமா?

உங்கள் டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தால் நடக்கலாம். ஒன்பது ஹோல் என்றால் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர், அதுவும் ஏற்றத்தோடு. சுகர் மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சாப்பிடாமல் வரவே கூடாது. பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். திடீரென்று வியர்த்துக் கை நடுங்கினால் அது பட்டிங் பயம் இல்லை, சுகர் இறங்குகிறது. உட்கார்ந்து வாயில் போடுங்கள். பிரஷர் மாத்திரைக்காரர்கள் குனிந்து பந்தை எடுத்துச் சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும். பட்டரின் நுனியில் மாட்டுகிற ரப்பர் உறிஞ்சி ஒன்று வாங்குங்கள், குனியவே வேண்டாம். நெஞ்சு, தாடை, இடது கை எங்கே இறுகினாலும் ஆட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரி.

சுகர்காரர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது சாதாரணமாக வருகிற ஒன்று. வந்தால் அதட்டி வீசாதீர்கள். அந்த மாதங்களில் சிப்பும் பட்டும் மட்டும் ஆடுங்கள்.

ஆட்டம் முடிஞ்சு மறுநாள் முதுகு பிடிச்சுக்குது.

ஜீப்பிலிருந்து இறங்கி நேரே டிரைவரை எடுக்கிறீர்கள், அதுதான். பத்து நிமிடம் முன்னால் வாருங்கள். கொஞ்சம் நடங்கள், இடுப்பை ரெண்டு பக்கமும் திருப்புங்கள், சின்ன ஸ்டிக்கில் தொடங்கிப் பெரியதுக்குப் போங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ அது கோல்ஃப் சமாச்சாரம் இல்லை, டாக்டரிடம் போங்கள்.

ஜூன் மழையில ஆட முடியுமா?

ஆடலாம், அட்டைக்கு உப்பும் மாற்றுக் கையுறையும் இருந்தால். பந்து உருளாது, பறக்கிற தூரம் மட்டும்தான் கணக்கு. தேங்கிய மழைத் தண்ணீரில் பந்து கிடந்தாலும், நீங்கள் நிற்கிற இடத்தில் தண்ணீர் கசிந்தாலும், தண்டனையில்லாமல் எடுத்து முட்டி உயரத்திலிருந்து போடலாம். ஈர மண்ணில் தான் விழுந்த குழியிலேயே புதைந்த பந்துக்கும் அப்படியே. மணல் குழிக்குள் புதைந்த பந்துக்கு மட்டும் கிடையாது. இடி கேட்டால் ஒரு ஹோல் கூட வேண்டாம்.

கேடிப் பையன் பின்னால நின்னு ‘இன்னும் கொஞ்சம் லெஃப்ட் சார்’னு சொல்லுவான். அது சரிதானா?

நான் பையனாக இருந்த காலத்தில் அது வழக்கம். இப்போது கூடாது. நீங்கள் அடிக்க நிற்கத் தொடங்கிவிட்டால் கேடி உங்களுக்குப் பின்னால், பந்தும் குறியும் இருக்கும் கோட்டில் நிற்கக் கூடாது. 2019-இல் வந்த விதி. நீங்கள் நிற்கத் தொடங்குவதற்கு முன்பு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம்.

சொல்வதைக் கேட்கலாமா என்றால், கிரீன் சாய்வில் கட்டாயம் கேளுங்கள். மலைச்சரிவில் கண் ஏமாற்றும். முழு இடமும் சாய்ந்திருப்பதால், மேடாக இருக்கிற பக்கமும் சமமாகத் தெரியும். அவன் அந்தப் புல்லில் வருடக்கணக்காக நடந்தவன். ஸ்டிக் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. மனசு நோகக் கூடாது என்று ஒரு நம்பர் சின்ன (தூரம் குறைந்த) ஸ்டிக்காகச் சொல்லுவான். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

குரங்கு பந்தைத் தூக்கிட்டுப் போயிருச்சுன்னா? மாட்டு மேல பட்டா? யானை லத்தி மேல உக்காந்துட்டா?

சிரிக்காதீர்கள், நம் பக்கத்தில் இதெல்லாம் நடக்கிற காரியம். நின்றிருந்த பந்தைக் குரங்கு எடுத்ததை யாராவது பார்த்திருந்தால், அல்லது அதைத் தவிர வேறு வழியே இல்லை என்று உறுதியானால், பந்து கிடந்ததாக மதிப்பிடுகிற இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம். தண்டனை கிடையாது. யாரும் பார்க்காமல், ‘குரங்குதான் சார் எடுத்திருக்கும்’ என்பது செல்லாது. மூன்று நிமிடம் தேடலாம். கிடைக்காவிட்டால் அது தொலைந்த பந்து, ஓர் அடி தண்டனையோடு பழைய இடத்துக்கே போக வேண்டும். போகிற பந்து மாட்டின் மேல் தற்செயலாகப் பட்டால், நின்ற இடத்திலிருந்து ஆடுங்கள். பட்டிங் கிரீனில் அடித்த பட் மட்டும் திரும்ப அடிக்க வேண்டும்.

லத்திதான் சிக்கல். மிருகக் கழிவு, உதிர்ந்த இலை மாதிரி அப்புறப்படுத்தக்கூடிய பொருள். தள்ளிவிடலாம். ஆனால் தள்ளும்போது பந்து அசைந்தால், கிரீனுக்கு வெளியே என்றால், ஓர் அடி தண்டனை. பந்தைத் திரும்ப வைக்கவும் வேண்டும். லத்தியின் உச்சியில் உட்கார்ந்த பந்தை அசைக்காமல் லத்தியை எடுக்கிற வித்தை தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். பந்தில் ஒட்டிக்கொண்டதை அந்த இடத்தில் துடைக்கவும் கூடாது. யானையே நின்றால், ஆபத்தான மிருகத்துக்கென்று தண்டனையில்லாத விலகல் விதியில் இருக்கிறது: ஆபத்தில்லாத மிகக் கிட்டிய இடத்திலிருந்து ஒரு ஸ்டிக் நீளத்துக்குள், குழிக்கு நெருக்கமாகப் போகாமல் போடலாம். நீங்கள் அதை எல்லாம் அளந்துகொண்டு நிற்க வேண்டாம், ஓடுங்கள்.

பேரன் லீவுக்கு வர்றான், நல்லா ஆடுவான். அவன்கூட ஆடினா எனக்கு என்ன மரியாதை?

ஹேண்டிகேப், அதாவது அவரவர் திறமைக்கேற்ப ஸ்கோரில் கழித்துக்கொள்கிற அடிகளின் எண், இருப்பதே அதற்குத்தான். 2020-இல் வந்த உலகக் கணக்கு முறையில் கடைசி 20 ஸ்கோரில் சிறந்த எட்டை எடுத்து உங்கள் எண்ணைப் போடுவார்கள். அதிகபட்சம் 54 வரை போகலாம். தொடங்க 54 ஹோல் ஸ்கோர் போதும், ஒன்பது ஒன்பதாக ஆடினாலும் சரி. டீக்கு டீ கணக்கு வேறு என்பதால் நீங்கள் முன் டீயிலும் அவன் பின் டீயிலும் ஆடலாம், யாருக்கும் சலுகை இல்லை. முன்னால் சொன்ன ‘பொம்பளை டீ’ ஆட்சேபத்துக்கு இதுவும் ஒரு பதில்.

வயசு எத்தனையோ அத்தனை அடியில 18 ஹோல் முடிக்கிறது நம்மளால ஆகுமா?

அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் 67 வயதில், 1979-இல், பெரியவர்களுக்கான போட்டியில் அல்ல, இளைஞர்கள் ஆடுகிற பிஜிஏ டூர் என்ற தொழில்முறைப் போட்டியிலேயே ஒரு நாள் 67 அடித்தார், கடைசி நாள் 66. அது அவர். நம் மைதானத்தில் ஒன்பது ஹோலை ரெண்டு சுற்று சுற்றினால்தான் 18 ஆகும். ரெண்டாவது சுற்றில் என் கால் ஆறாவது ஹோலோடு நின்றுவிடும். எனக்கு ஒன்பது ஹோலில் இதுவரை சிறந்தது 47. போன மாதம் 46-க்கு ஒரு பட் இருந்தது, நாலடி தூரம். கண்ணாடியை மாற்ற மறந்துவிட்டேன்.